கோர்டியின் கராஜில் இரண்டு கிக்கர்கள்

டுவெய்ன் செத்துப்போனதிலிருந்து அவனுடைய ஆட்ட அறிவு நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது.

மார்ச் மாதம் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தான். அதுவரைக்கும் லீக்கில் எட்டு முறை கடைசி இடம் வாங்கியவன் என்பது அந்த ஏரிக்கரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடக்கத்தன்று பாஸ்டர் ஆர்லன் அவனைத் "தொலைநோக்கு உள்ளவர்" என்றார். ஈஸ்டர் விருந்தில் "அவன் கணக்கே தனி" என்று யாரோ சொன்னார்கள். ஜூலை வாணவேடிக்கை பார்க்கப் போன இடத்தில், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நாளெல்லாம் எண்களோடு குடித்தனம் நடத்தும் ரஸ், "நாமெல்லாம் இந்த வருஷத்தை யோசிச்சோம், டுவெய்ன் அடுத்த வருஷத்தை யோசிச்சான்" என்று தழுதழுத்தான். கையில் உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள் டுவெய்னின் மனைவி மார்லா. இவன் இன்னும் ஒரு வருஷம் செத்தே இருந்தால் கோப்பையையே கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று தோன்றியது அவளுக்கு.

லீக் என்பது பத்துப் பேர். யாருக்கும் முட்டி சரியில்லை. எவரும் ஓடப் போவதுமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை முடிகிற அந்த நீண்ட வார இறுதியில், கோர்டியின் கராஜில் கூடி, நாடு முழுக்க அமெரிக்கக் கால்பந்து ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவன் எடுத்த ஆள் மற்றவனுக்குக் கிடையாது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கோ ஒரு மைதானத்தில் அந்த ஆள் ஓடினால் இங்கே இவர்களுக்குப் புள்ளி ஏறும். அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினால் இங்கே இவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. இதற்குத்தான் பத்து ஆண்கள் ஆகஸ்ட் முழுவதும் மனைவிகளிடம் பேசாமல் தயாராவார்கள்.

டுவெய்ன் தயாராகும் முறை வேறு. கடைக்குப் போய் ஒரு பெட்டி பீர் வாங்குவான். அத்தோடு தயாரிப்பு முடிந்தது. போய் உட்கார்ந்து, சொந்த ஊர் அணியிலிருந்து யார் மிஞ்சியிருக்கிறார்களோ அவர்களை எடுப்பான். ஒரு வருஷம் ஒருவனை எடுத்தான். காரணம், அவனைப் பெட்ரோல் பங்கில் பார்த்தானாம், நல்ல பையனாம். இன்னொரு வருஷம் எடுத்த ஆள் அதற்கு முந்தைய வசந்தத்திலேயே ஓய்வு பெற்று மீன் பிடிக்கப் போயிருந்தான்.

கோர்டியின் கராஜ் வேலிக்கு அந்தப் பக்கம். மார்லாவின் சமையலறை ஜன்னல் வேலிக்கு இந்தப் பக்கம். ஆள் எடுக்கிற அந்தத் தேர்வு நாளில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்ற ஒன்பது பேரும் ஊளையிட்டுத் திட்ட வேண்டும், அதன்பிறகுதான் பெயர்ச்சீட்டைப் பலகையில் ஒட்டலாம் என்பது அங்கே சட்டம். டுவெய்னின் முறை வரும்போது அந்த ஊளை கூரையைத் தூக்கும். கோர்டி வேலியருகே வந்து, "மார்லா! உன் புருஷன் ஒரு கழுதை! சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போ!" என்று கத்துவான். அவள் ஈரக்கையோடு நின்று, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சாயங்காலம் டுவெய்ன் வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்பான், கொஞ்சங்கூட வெட்கமில்லாமல். தோற்பதை இத்தனை சந்தோஷமாகச் செய்கிற மனிதனை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் அவனைக் கட்டிக்கொண்டாளோ என்றுகூட யோசித்ததுண்டு.

இப்போது ஊரில் அந்த டுவெய்னைக் காணோம். அவள் இழந்தது ஒருத்தனை. எல்லோரும் துக்கம் விசாரிப்பது யாரோ ஒரு தொலைநோக்குள்ளவருக்காக. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பல் டாக்டரின் வரவேற்பறையில் இருந்த பெண், "எப்படி இருந்தார் உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டதற்கு, தன் வாயே, "ரொம்ப நிதானமான மனுஷன்" என்று சொல்வதைக் கேட்டாள். நிதானமாம். பனி வண்டியை ஏரிக்குள் விட்டவன். அதுவும் இருமுறை, ஒரே இடத்தில். காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எல்லோரும் பூசுகிற வெள்ளையைத் தானும் பூச ஆரம்பித்துவிட்டோம். இன்னும் கொஞ்ச நாளில் அடியில் இருந்தவன் தனக்கே மறந்துபோவான் என்று பயந்தாள்.

அன்றைக்கே கோர்டிக்கு போன் செய்தாள். லீக்கின் தலைவன் அவன்தான். ஓட்டுப் போட்டு வந்த பதவி இல்லை, கராஜ் அவனுடையது.

"டுவெய்ன் இடத்துல நான் ஆடறேன், கோர்டி."

கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற குரலில், "அதுக்கென்ன மார்லா. நீங்க சும்மா வந்து உக்காருங்க. எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

இருபது வருஷமாக வேலிக்கு மேலே கழுதை என்று கத்தியவன்.

பாத்துக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மார்ச்சிலிருந்து அவள் வீட்டு ஃப்ரீஸர் முழுக்க அதுதான்: கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட கண்ணாடித் தட்டுகள், மூடியில் அனுப்பியவர் பெயர், யாருடையதிலும் உப்பு இல்லை. துக்க வீட்டுக்கு உப்பு ஆகாது என்று யார் சொன்னார்களோ.

அவள் பாத்துக்கொள்ளப்பட விரும்பவில்லை. ஊளை வேண்டும். கராஜில் உட்கார்ந்து ஒரு பெயரைச் சொல்ல, ஒன்பது பேரும் சேர்ந்து அவளைத் திட்ட வேண்டும். திட்டுகிற வேகத்தில் டுவெய்னையும் இழுத்துவைத்துத் திட்ட வேண்டும். இதை யாரிடமும் சொல்லிக் கேட்க முடியாது. என் புருஷனைக் கொஞ்சம் கேவலமாகப் பேசுங்களேன் என்று எந்த விதவை போய்க் கேட்பாள்?

ஆகவே படித்தாள். கடனே என்று வந்து உட்கார்ந்தவள் என்று நினைத்தால்தானே பாத்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் முழுக்க, ஃப்ரீஸர் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுடவைத்துத் தின்றபடி, ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்தாள். யாருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனது, யாருக்குப் பயிற்சியாளரோடு சண்டை, யாருக்குப் போன வருஷம் அதிர்ஷ்டம் அடித்தது, யாருக்கு உண்மையிலேயே கால் இருக்கிறது. ஒவ்வொரு அணிக்கும் நடுவில் ஒரு வாரம் ஓய்வு உண்டு. ஒரே வாரத்தில் ஓய்வு வருகிறவர்களைச் சேர்த்து எடுத்தால் அந்த வாரம் கை விரிக்க வேண்டியதுதான் என்று கற்றுக்கொண்டாள். ஊர் பேர் தெரியாத ஆட்களோடு கணினியில் பொய்த் தேர்வுகள் நடத்திப் பார்த்தாள். புளோரிடாவிலிருந்து ஒருவன் அவள் எடுத்த ஆளைப் பார்த்துவிட்டு, "நீ பிறந்ததிலிருந்தே இப்படியா?" என்று எழுதினான். மார்ச்சுக்குப் பிறகு யாராவது அவளிடம் மனுஷத்தனமாகப் பேசியது அதுதான்.

எல்லா நிபுணர்களும் ஒரே குரலில் சொன்ன ஒன்றும் உண்டு: கிக்கரை மட்டும் கடைசியில் எடு. கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரும் கையிலேயே தூக்கிக்கொண்டு ஓடுகிற இந்த ஆட்டத்தில், பந்தைக் காலால் உதைக்கிற ஒரே ஆத்மா அவன். அதனாலேயே அவனுக்கு மரியாதை இல்லை. வாரத்துக்கு ஒரு கிக்கர் போதும், எவனாக இருந்தாலும் ஒன்றுதான். கடைசி இரண்டு சுற்றுக்கு முன்னால் கிக்கரை எடுப்பவன் அறிவில்லாதவன் என்பது நாடு ஒப்புக்கொண்ட உண்மை.

தேர்வு நாளன்று கோர்டியின் கராஜ் வாசலில் பீரும் வெங்காயமும் போட்டு வெந்த சாசேஜ்களின் வாசனை. உள்ளே மடக்கு நாற்காலிகள், சுவரில் பெரிய பலகை, மூலையில் கோர்டியின் பேரப்பிள்ளைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியில் விரல் நீளச் சிறு மீன்கள். யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த மீன்கள்தான் தீர்மானிக்கும்: கூரையோரத்தில் மழைநீர் பிடிக்கும் தகரக் கால்வாய்களில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு மீனை விட்டு, பின்னாலிருந்து நீர்த்துப்பாக்கியால் பீய்ச்சி ஓட்டுவார்கள். வழக்கறிஞர்களும் தாத்தாக்களும் முட்டி போட்டு மீனிடம் கெஞ்சுவதைப் பார்க்கவே வரலாம்.

மார்லா தொட்டியில் கைவிட்டு, துடிப்பாக இருந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்தாள். கோர்டி ஓடி வந்தான்.

"நீங்க எதுக்கு மார்லா கஷ்டப்படணும்? நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். டுவெய்ன் ஞாபகார்த்தமா, மொதல் ஆள் உங்களுக்குத்தான்."

"எனக்கு மீன் விடணும், கோர்டி."

"விட்டா தோத்துட்டீங்கன்னா?"

"தோப்பேன்."

கோர்டி பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் ஆர்லன் அவள் தோளில் கைவைத்தார். ஞாயிறு காலை அன்பைப் போதித்துவிட்டு, தேர்வு நாளில் லீக்கிலேயே அசிங்கமாகத் திட்டுபவர் அவர். இன்றைக்கு அவர் கை இரங்கல் கையாகவே இருந்தது. "மனசைத் தளர விடாதீங்க, மார்லா" என்றார், அவள் கையிலிருந்த மீனை மெதுவாக வாங்கித் தொட்டியில் விட்டபடி.

மீதி ஒன்பது பேரும் மீன் ஓட்டினார்கள். கோர்டியின் மீன் ஜெயித்தது. அதனால் அவனுக்கு இரண்டாம் இடம். பாஸ்டரின் மீன் பாதியில் நின்று வந்த வழியே திரும்பியது. "உங்க பிரசங்கத்தைக் கேட்டிருக்கும் போல!" என்று ரஸ் கத்த, கராஜ் அதிர்ந்தது. இவர்களுக்குத் தொண்டை கெட்டுப்போகவில்லை, அவளுக்கு மட்டும்தான் கதவடைப்பு.

முதல் ஆளாக அவள் நாட்டிலேயே சிறந்த ஓட்டக்காரனான கோல்பெர்ட்டைச் சொன்னாள். யாராக இருந்தாலும் அவனைத்தான் எடுப்பார்கள். இருந்தாலும் சட்டப்படி ஊளை உண்டு. அவள் காத்திருந்தாள்.

கைதட்டினார்கள்.

ரஸ் பெயர்ச்சீட்டை இரண்டு கையாலும் ஏந்திப்போய், கல்லறையில் பூ வைப்பதுபோல் பலகையில் வைத்து அழுத்தினான். "அருமையான ஆரம்பம்" என்றார் பாஸ்டர்.

அடுத்து கோர்டி ஒரு பெயர் சொன்னதும், "அவனுக்கு முழங்கால் இருக்காடா இன்னும்?" "கோர்டி, கராஜ் உன்னுது, மூளை யாருதுடா?" என்று ஊளை எழும்பியது. முறை அவர்களுக்குள் சுற்றியது. பத்தாவது ஆள் எடுத்ததும் அவனே மறுபடி எடுக்க, வரிசை பாம்புபோல வளைந்து திரும்பிவரும். அதனால் முதலில் எடுத்தவளுக்கு இரண்டாம் சுற்றில் கடைசி முறை. அதைத் தொட்டாற்போல் மூன்றாம் சுற்றின் முதல் முறையும் அவளுக்கே. ஒரே மூச்சில் இரண்டு பேரை எடுக்கலாம்.

பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தவள் புருவத்தைச் சுருக்கினாள். ட்ரெமெய்ன் இன்னும் இருந்தான். பந்து பிடிப்பவர்களில் அவனுக்கு மேல் ஆளில்லை. அவள் நடத்திய எல்லாப் பொய்த் தேர்விலும் அவன் முதல் சுற்று தாண்டியதில்லை. ரஸ் தன் முறையில் ட்ரெமெய்ன் பெயரைத் தாண்டி, அவனைவிட ஒரு தரம் கீழான ஒருத்தனைச் சொன்னான்; சொல்லும்போதே நெற்றி வியர்த்தது, எண்களுக்குத் துரோகம் செய்கிறவனைப் போல. பாஸ்டர், "அட, ட்ரெமெய்ன் இருக்கானா? கவனிக்கவேயில்லையே" என்று பலகையைப் பார்த்தபடியே வேறொருவனை எடுத்தார். அவளுக்கு முன்னால் கோர்டியின் முறை. கோர்டி தலையைச் சொறிந்தான், தொண்டையைக் கனைத்தான், போன வருஷம் பாதி ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தனைச் சொன்னான். ஒருவரும் ஊளையிடவில்லை. ஒன்பது பேரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

உப்பில்லாத இன்னொரு தட்டு. மூடியில் ஒன்பது பேர் பெயர்.

ஒரு மாதமாகப் படித்ததெல்லாம் வீண். ஜெயிக்க விடுவார்கள். அடுத்த வருஷமும் விடுவார்கள். ஜெயித்த கோப்பையை அவள் கையில் கொடுத்து, டுவெய்ன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பார்கள். அந்த டுவெய்னை அவளுக்குத் தெரியவே தெரியாது. பெட்ரோல் பங்குப் பையனை எடுத்தவன், ஏரிக்குள் வண்டியை விட்டவன், அந்தக் கோப்பைக்கு அடியில் ஒரேயடியாகப் புதைந்துபோவான். பனிக்கால மண்ணில் வைத்தது போதாதென்று.

"சொல்லுங்க மார்லா" என்றான் கோர்டி இதமாக. "அவசரமே இல்ல."

"வோலெக்" என்றாள் மார்லா.

வோலெக் சொந்த ஊர் அணியின் கிக்கர்.

இரண்டாம் சுற்றில் கிக்கர். லீக்கின் வரலாற்றில் டுவெய்ன்கூட ஆறாம் சுற்றுக்கு முன்னால் கிக்கர் எடுத்ததில்லை. இதற்கென்று தண்டனை உண்டு: காலணியோடு மீன் தொட்டியில் நிற்க வேண்டும், மற்றவர்கள் ஆசை தீரத் திட்டுவார்கள். மார்லா தொட்டியைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள்.

"மனசு சொன்னதைக் கேட்டிருக்கீங்க" என்றார் பாஸ்டர், கரகரத்து. "இது நம்பர் விஷயம் இல்ல."

"டுவெய்ன் பெருமைப்படுவான்" என்றான் ரஸ்.

"தொட்டியெல்லாம் வேணாம்" என்றான் கோர்டி. "இந்த ஒரு வருஷம் அந்தச் சட்டம் கெடையாது. அடுத்ததும் உங்க முறைதான். ட்ரெமெய்ன் இருக்கான், பாருங்க. அதோ, அங்க, மேல."

விரலால் வேறு காட்டினான்.

மார்லா எழுந்து நின்றாள். சீட்டுகளைப் புரட்டவில்லை, பார்க்கவில்லை. ஆகஸ்ட் முழுக்கப் படித்தவளுக்கு எந்த அணிக்கு எந்த வாரம் ஓய்வு என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"ஹட்ச்கின்ஸ்" என்றாள்.

ஹட்ச்கின்ஸும் கிக்கர்தான்.

கோர்டியின் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மேலேறிக் காதுக்குப் போனது. இருபது வருஷமாக லீக் நடத்துகிற மனிதன். அவனுக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு.

"ரெண்டு பேருக்கும்..." என்றான். நிறுத்தினான். முடியவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே வாரம் லீவு, மார்லா!"

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சேவா? ஒரு கிக்கருக்கே எடமில்ல, ரெண்டாவது கிக்கர் எதுக்கு, அந்த மொத ஆளுக்கு லீவு வர்ற வாரத்துக்குத்தானே? அந்த வாரமே இவனும் லீவுன்னா, உனக்கு... உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? டுவெய்ன்கூட இப்படி..."

வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. ரஸ் தரையைப் பார்த்தான்.

"சொல்லு" என்றாள் மார்லா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "டுவெய்ன்கூட?"

"டுவெய்ன்கூட இப்படிப் பண்ணமாட்டான்னு சொல்ல வந்தேன்" என்றான் கோர்டி. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "பண்ணுவான். பண்ணியிருப்பான். அந்தக் கழுதை எதைத்தான் பண்ணல? ரிட்டயர் ஆனவனை எடுத்தானே! நான் சொல்றேன், 'டேய், அவன் ரிட்டயர் ஆயிட்டான்டா'ன்னு. இவன் சொல்றான், 'மனசு மாறுவான்'னு!"

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"பெட்ரோல் பங்குப் பையன்" என்றான் ரஸ், தரையைப் பார்த்தபடியே. "நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாக்கூட டுவெய்னைவிட மேல வரலாம். எட்டு தடவை கடைசின்னா, அதுக்குத் தெறமை வேணும்."

"அடக்கத்துல நான் அவனைத் தொலைநோக்கு உள்ளவன்னு சொன்னேன்" என்றார் பாஸ்டர் ஆர்லன். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அழுகையா என்று மார்லா பயந்தாள். "பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு. பைபிளைக் கையில வெச்சுக்கிட்டு. அவனுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையே தெரியாது! கர்த்தர் என்னை மன்னிக்கணும்."

அப்போது வந்தது ஊளை. ஒன்பது தொண்டையிலிருந்தும், ஆறு மாதமாக அடைத்து வைத்தது. நாற்காலி சரிந்தது, ஒருத்தன் பீரைக் கொட்டினான். தான் சிரிக்கிறோமா அழுகிறோமா என்று மார்லாவுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டபோதும் இப்படித்தான் இருந்தது. இதற்கு நடுவில் டுவெய்ன் இருந்தான், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெட்கமில்லாமல். ஒரு நிமிஷம்தான். அது போதும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன்தான்.

"தொட்டிக்குள்ள போ" என்றான் கோர்டி கண்ணைத் துடைத்தபடி.

"சட்டம் கெடையாதுன்னியே?"

"ஒரு கிக்கருக்குத்தான் கெடையாது. ரெண்டு கிக்கர் எடுத்தவளுக்குச் சட்டமே போதாது. ஏறு!"

அவள் ஏறினாள். மீன் ஓட்டும் இடத்துக்கு நல்ல காலணி போட்டு வந்த தன் புத்தியை நொந்துகொண்டாள். தண்ணீர் சில்லென்று கணுக்காலைப் பிடித்தது. மீன்கள் காலைச் சுற்றி ஓடின. அவளுடைய அணியில் இப்போது ஒரு ஓட்டக்காரனும் இரண்டு உதைப்பவர்களும் இருந்தார்கள். இந்த வருஷம் கடைசி இடம் நிச்சயம். கடைசி இடம் வாங்குபவர் முதல் பனி விழும் நாளில் ஊர் நடுவில் கோழி வேஷம் கட்டி நிற்க வேண்டும். அந்த வேஷம் டுவெய்னின் அளவுக்குத் தைத்தது, அவள் வீட்டு அலமாரியில்தான் தொங்குகிறது.

"மார்லா, உன் தலைல இருக்கறது மூளையா, உருளைக்கெழங்கு சாலடா?" என்றார் பாஸ்டர், புனிதமான உற்சாகத்தோடு.

"சாலடுக்குக்கூட உப்பு இருக்கும், பாஸ்டர்! ஈஸ்டருக்கு உங்க வீட்லேருந்து வந்ததைத் தவிர!"

ஊளை இன்னொரு தடவை எழும்பியது. அது அடங்கும்வரை கோர்டி காத்திருந்தான். அடுத்த முறை அவனுடையது. மெல்ல எழுந்து, பலகை பக்கம் போகாமல் தொட்டி பக்கம் வந்து, அவளுக்கு நேரே நின்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு பெயர்ச்சீட்டை எடுத்தான். ஏற்கெனவே கிழித்து வைத்திருந்தான் பாவி.

"ட்ரெமெய்ன்" என்றான், ஒவ்வொரு எழுத்தாக. "ஐசயா. ட்ரெமெய்ன்."

இரண்டு முறை அவளுக்காக விட்டுக்கொடுத்தவன், இப்போது அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, இம்மிகூட இரக்கமில்லாமல், அவள் ஒரு மாதமாகக் கனவு கண்ட ஆளைக் கொண்டுபோய்த் தன் வரிசையில் ஒட்டினான். உள்ளங்கையால் இரண்டு தட்டு வேறு.

"டேய் திருட்டுப் பயலே!" என்று மார்லா அலறினாள். காலை ஓங்கி உதைத்ததில் தண்ணீரும் இரண்டு மீனும் கராஜ் தரைக்குப் போயின. "அது என் ஆளுடா! பிச்சை எடுக்கறவன் தட்டுலேருந்து எடுப்பியாடா நீ? உன் கராஜ் இடிஞ்சு விழ! உன் மீன் மொட்டையாப் போக!"

அவள் குரல் வேலியைத் தாண்டி, ஆளில்லாத சமையலறை ஜன்னல்வரைக்கும் போயிருக்கும். அவள் நிறுத்தவில்லை. கோர்டியைப் பற்றிச் சொல்ல இருபது வருஷத்துக்கு அவளிடம் சரக்கு இருந்தது.